ஜனாஸா வீட்டின் அடுப்பு யாருடைய பொறுப்பு?

  

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஒரு முஸ்லிம் மரணித்துவிட்டால் அவரைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, நல்லடக்கம் செய்வது ஆகிய நான்கும் ஊரார் மீது பர்ளு கிபாயா என்பதை நாம் அறிவோம். சிறு வயதில் மத்ரஸாவிலேயே அவற்றைக் கற்றிருக்கிறோம். ஆயினும் அதே நாளில், அதே வீட்டில், மற்றொரு கேள்வியும் மெல்லிய குரலில் எழுகின்றது. வந்திருப்பவர்களுக்கு என்ன கொடுப்பது? யார் சமைப்பது? பணத்திற்கு எங்கே போவது? கணவனை இழந்த பெண் அழுது முடிக்கும் முன்பே இக்கேள்வி அவளது காதில் விழுந்துவிடுகின்றது. மூத்த மகன் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், அரிசிக் கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்நிலை சரியானதுதானா? ஜனாஸா வீட்டின் உணவைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கின்றது? தலைமன்னார் போன்ற நமது கரையோர ஊர்களில் அதனை எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்? இவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

ஜஃபர் (ரழி) அவர்களின் இல்லம்

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 629இல், இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள முஃதா என்னுமிடத்தில் நடைபெற்ற போரில் நபியவர்களின் ஒன்றுவிட்ட சகோதரரான ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் ஜஃபரின் இல்லத்திற்குச் சென்றார்கள். அவரது மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் அப்போதுதான் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து அழகுபடுத்தியிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். நபியவர்கள் அச்சிறுவர்களை அணைத்துக்கொண்டார்கள். அவர்களின் கண்கள் கண்ணீர் சொரிந்தன.

அதன் பின்னர்தான் அந்தப் பிரசித்தி பெற்ற கட்டளை பிறந்தது. ஜஃபரின் குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்குமாறு நபியவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். அவர்களைத் திசைதிருப்பும் பெருந்துயர் அவர்களுக்கு வந்துவிட்டது என்ற காரணத்தையும் கூறினார்கள். ஜஃபரின் மகன் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அருமை வாசகர்களே! இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அவ்வீட்டில் மா இருந்தது. பிசைந்தும் வைக்கப்பட்டிருந்தது. அடுப்பை மூட்டினால் ரொட்டி தயாராகிவிடும். அப்படியிருந்தும் வெளியிலிருந்து உணவு வரவேண்டும் என்றார்கள் நபியவர்கள். எனவே இந்த சுன்னத் ஏழை வீட்டுக்கு மட்டும் உரிய தர்மம் என்று எண்ணிவிடக் கூடாது. வசதியுள்ள வீட்டுக்கும் அது பொருந்தும். துக்கத்தில் இருப்பவரின் கை அடுப்பில் வேலை செய்யக் கூடாது என்பதே அதன் உயிர்நாடியாகும்.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடும் இதுவே. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் மரணம் நிகழ்ந்த பகலிலும் இரவிலும் அண்டை வீட்டாரும் உறவினரும் மரண வீட்டாருக்கு வயிறு நிரம்ப உணவளிப்பதை விரும்பத்தக்கது என்று கூறினார்கள். ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் என்னும் நூலில் இதனை சுன்னத் என்று எழுதியதோடு, உண்ணும்படி அவர்களை வற்புறுத்துவதையும் சேர்த்துக் கூறினார்கள். உணவைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதோடு கடமை முடிந்துவிடாது. அருகில் அமர்ந்து, இரண்டு கவளமாவது உண்ணச் செய்ய வேண்டும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

மறுபுறம், ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அவர்களின் செய்தி இப்னு மாஜாவிலும் முஸ்னத் அஹ்மதிலும் காணப்படுகின்றது. அடக்கம் முடிந்தபின் மரண வீட்டில் கூடுவதையும், அங்கே உணவு தயாரிப்பதையும் ஒப்பாரியின் ஒரு வகையாகவே ஸஹாபாக்களாகிய தாங்கள் கருதி வந்ததாக அவர் கூறுகின்றார். இரண்டையும் இணைத்துப் பாருங்கள். உணவு ஊரிலிருந்து மரண வீட்டிற்குச் செல்லவேண்டும் என்பது சுன்னத். நாமோ மரண வீட்டிலிருந்து ஊருக்கு உணவு வரவேண்டும் என்று மாற்றிவைத்திருக்கிறோம்.

துயருற்ற வயிற்றுக்கு ஏற்ற உணவு

எந்த உணவைக் கொடுப்பது என்பதிலும் நமக்கு வழிகாட்டல் உண்டு. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் உறவினர் எவரேனும் மரணித்தால், கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்று நெருங்கியவர்கள் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில், ஒரு பாத்திரத்தில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்து ஸரீத் தயாரித்து, அதன்மேல் தல்பீனாவை ஊற்றி உண்ணச் செய்வார்கள். நோயாளியின் உள்ளத்திற்கு அது ஆறுதல் தரும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாகவும் சொல்வார்கள். இது புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது.

தல்பீனா என்பது பார்லி மாவில் காய்ச்சப்படும் மென்மையான கஞ்சி. பாலைப் போல வெண்மையாக இருப்பதால் அப்பெயர் பெற்றது. அழுது தொண்டை வறண்டவரால் கடின உணவை விழுங்க முடியாது. பிரியாணியின் மணமே சிலருக்குக் குமட்டலைத் தரும். இளஞ்சூடான கஞ்சி எளிதில் இறங்கும். நமது வீடுகளில் ரமழானில் காய்ச்சும் அரிசிக் கஞ்சி இதற்கு மிக நெருங்கிய உணவாகும். பார்லி கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. இஞ்சி, பூண்டு, வெந்தயம் சேர்த்த கஞ்சியும், சிறிது தேங்காய்ப்பாலும் போதுமானவை.

இவ்விடத்தில் இளைஞர்களும் தாய்மாரும் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள் சிலர் உள்ளனர்.

முதலாவது, நீரிழிவு நோயாளிகள். இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் துக்கத்தில் உண்ணாமல் இருந்தால் இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறையக் கூடும். வியர்வை, கை நடுக்கம், தடுமாறிய பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். அழுகையின் களைப்பு என்று அதனைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். அவர் விழிப்புடன் இருந்தால் உடனே சீனி கலந்த பானம் கொடுத்து, அதன்பின் உணவும் கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகள். ஜனாஸா வீட்டில் பசியை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் அவர்கள்தாம். காலையிலிருந்து ஒன்றும் உண்ணாத சிறுவன் மாலையில் மையவாடியிலிருந்து திரும்புவதை நாம் கண்டிருக்கிறோம். அண்டை வீட்டுத் தாய் ஒருவர் அப்பிள்ளைகளைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று உணவூட்டிவிட்டால், அது ஜஃபரின் பிள்ளைகளை அணைத்த நபியவர்களின் வழியில் நடந்ததாகும்.

மூன்றாவது, பாலூட்டும் தாய்மாரும் முதியோரும். நமது கரையின் வெப்பத்தில் தண்ணீர் அருந்தாமல் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது அவர்களைத் தளர்த்திவிடும். உணவுக்கு முன் தண்ணீர் அவர்களைச் சென்றடைய வேண்டும்.

தூரத்திலிருந்து வருவோர்

இப்போது உங்களில் சிலர் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம். மௌலவி அவர்களே, வீட்டாருக்கு உணவு கொடுத்துவிடலாம். புத்தளத்திலிருந்து இரண்டு வேன்களில் வந்து இறங்குபவர்களை என்ன செய்வது?

இக்கேள்விக்குப் பின்னால் நமது வரலாறு இருக்கின்றது. 1990 ஒக்டோபர் இறுதியில் மன்னார் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வீடிழந்தனர். மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அன்று புத்தளம் மாவட்டத்து மக்கள் தமது பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, சமைத்த உணவைக் கொண்டுவந்து கொடுத்தனர். துயருற்றவரின் வீட்டில் அடுப்பு எரியாதபோது அண்டை வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்ற சுன்னத், ஒரு சமூகம் முழுவதற்கும் செய்து காட்டப்பட்டது. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

2002இன் போர்நிறுத்தத்தின்போது சிலரும், 2009இல் போர் முடிந்தபின் மேலும் பலரும் ஊர் திரும்பினர். எல்லோரும் திரும்பவில்லை. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் தலைமன்னாரிலும், ஒருவர் தில்லையடியிலும், ஒருவர் ஆலங்குடாவிலும், ஒருவர் கொழும்பிலுமாக வாழ்கின்றனர். ஆகவே தலைமன்னாரில் ஒரு மரணம் நிகழ்ந்தால் அநுராதபுரம், மதவாச்சி வழியாக நான்கைந்து மணி நேரம் பயணம் செய்தே உறவினர் வந்து சேர்கின்றனர். மன்னார் நகரத்தைத் தாண்டியும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் வரவேண்டும். நள்ளிரவில் புறப்பட்டு வருபவரைப் பட்டினியோடு திருப்பி அனுப்ப எந்த மனமும் இடம் தராது.

மார்க்கமும் அதனை வேண்டவில்லை. ஹிஜ்ரி 620இல் வபாத்தான இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தமது அல்முக்னீ என்னும் நூலில் இதே நிலையை ஆராய்கின்றார்கள். மரண வீட்டார் மக்களுக்கு உணவு தயாரிப்பது வெறுக்கத்தக்கது என்று கூறிய அவர்கள், தேவை ஏற்பட்டால் ஆகும் என்கின்றார்கள். கிராமங்களிலிருந்தும் தூர இடங்களிலிருந்தும் ஜனாஸாவுக்கு வருவோர் அங்கேயே இரவு தங்க நேரிடலாம், அவர்களை உபசரிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது என்று காரணமும் காட்டுகின்றார்கள். சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் டமஸ்கஸ் நகரத்து அறிஞர் எழுதிய இவ்வரிகள் நமது ஊரின் நிலைக்கு எவ்வளவு பொருந்துகின்றன!

எனவே பயணியின் பசியைப் போக்குவது ஒன்று. ஊரையே அழைத்து விருந்து வைப்பது வேறொன்று. பயணிக்குக் கொடுப்பது தேவை. பக்கத்துத் தெருவில் வசிப்பவருக்கு அத்தேவை கிடையாது. அவர் ஸலாம் கூறி, துஆச் செய்து, ஆறுதல் சொல்லிவிட்டுத் தம் வீட்டில் சென்று உண்ணட்டும். இயன்றால் தம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தில் உணவைக் கொண்டுவரட்டும்.

நமது கரையில் கத்தோலிக்கச் சகோதரர்களும் இந்துச் சகோதரர்களும் நம்மோடு வாழ்கின்றனர். ஒரே கடலில் தொழில் செய்பவர்கள் ஒருவர் வீட்டுத் துக்கத்தில் மற்றவர் பங்கெடுக்கின்றனர். அவர்கள் அன்போடு கொண்டுவரும் தேநீரையும், சோற்றையும், மீன்கறியையும், மரக்கறியையும், ஹராமானது எதுவும் கலக்காதவரை நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம். இறைச்சியின் விடயத்தில் மட்டும் ஹலாலைப் பேண வேண்டும். அவர்கள் வீட்டில் மரணம் நிகழும்போது நாமும் ஒரு கேத்தல் தேநீரோடு செல்வது அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதாகும்.

யாருடைய பணத்தில் உண்கிறோம்?

அன்பர்களே! இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாட்களில் கத்தம் ஓதி உணவளிப்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த விவாதத்தை மீண்டும் கிளறுவது இங்கு நோக்கமன்று. ஆனால் இரு தரப்பு உலமாக்களும் ஒன்றுபடும் ஒரு விடயம் உண்டு. அநாதைகளின் பங்கிலிருந்து விருந்து வைப்பதை எவரும் அனுமதிக்கவில்லை.

ஒருவர் மரணித்த கணத்திலேயே அவரது சொத்து வாரிசுகளுக்குரியதாகிவிடுகின்றது. அதிலிருந்து முதலில் கபன், அடக்கம் ஆகியவற்றின் செலவு. அடுத்து அவரது கடன். அதன்பின் மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத். எஞ்சியது வாரிசுகளின் பங்கு. இவ்வரிசையில் விருந்துக்கு இடமில்லை. கபன் துணி ஜனாஸாவின் செலவு. வந்தவர்களின் பகல் உணவு ஜனாஸாவின் செலவாகாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீனவர் மரணிக்கிறார் என வைத்துக்கொள்வோம். பெற்றோர் ஏற்கனவே மரணித்துவிட்டனர். மனைவியும், பருவமடையாத இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் உள்ளனர். அடக்கச் செலவும் கடனும் தீர்த்தபின் ரூபா 200,000 எஞ்சியிருக்கின்றது. மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது ரூபா 25,000. மீதி ரூபா 175,000இல் ஆண் பிள்ளைகளுக்குத் தலா ரூபா 70,000. பெண் பிள்ளைக்கு ரூபா 35,000.

இப்போது ஏழாம் நாள் விருந்துக்கு இப்பணத்திலிருந்து ரூபா 80,000 எடுக்கப்படுகின்றது. அதில் தாயின் பங்கு ரூபா 10,000 மட்டுமே. ரூபா 70,000 பிள்ளைகளுடையது. ஒரு மகனுக்கு அல்லாஹ் வகுத்துக் கொடுத்த முழுப் பங்கும் ஒரு பகல் உணவில் கரைந்துவிட்டது! தாய் சம்மதித்தாளே என்று சொல்வதற்கும் வழியில்லை. அவளால் தன் பங்கிலிருந்துதான் கொடுக்க முடியும். பருவமடையாத பிள்ளையின் சொத்தைத் தானமாகக் கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, பெரிய தந்தைக்கும் அதிகாரமில்லை, பள்ளிவாசல் நிர்வாகத்திற்கும் அதிகாரமில்லை. பிள்ளை தானே சம்மதித்தாலும் அச்சம்மதம் செல்லுபடியாகாது.

அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்போர் தமது வயிறுகளில் நெருப்பையே நிரப்பிக்கொள்கின்றனர் என்னும் கருத்தை ஸூரத்துந் நிஸாவின் 10ஆம் வசனம் கூறுகின்றது. வாரிசுரிமைப் பங்குகளைக் கூறும் வசனம் அதற்கு அடுத்ததாகவே வருகின்றது என்பது சிந்திக்கத்தக்கது. அந்தச் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கும் நாம், அதில் யாருடைய பங்கு இருக்கின்றது என்று எண்ணிப் பார்க்கிறோமா?

கடன் வாங்கிச் செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். சம்மாட்டியிடமோ கடையிலோ அடகு நிலையத்திலோ வாங்கும் அக்கடனை அடைக்கப்போவது அந்த விதவையும் அவளது பிள்ளைகளும்தாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசி, சீனி, எரிவாயு ஆகியவற்றின் விலை என்னவானது என்பதை நாம் அனைவரும் அனுபவித்தோம். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தால் பெறும் கடனுக்கு ஊர் பொறுப்பேற்பதில்லை.

முன்கூட்டியே திட்டமிடுவோம்

இளைஞர்களே! இங்குதான் உங்கள் பணி தொடங்குகின்றது. வீட்டாரிடம் சென்று என்ன செய்யவேண்டும் என்று கேட்காதீர்கள். அக்கேள்வியே அவர்களுக்குப் பாரம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் ஆலோசனையோடு ஒவ்வொரு தெருவிலும் நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவை முன்னரே அமைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் தேநீருக்கு, ஒருவர் உணவுக்கு, ஒருவர் வாகனத்திற்கும் தொலைபேசிக்கும் பொறுப்பேற்கட்டும். வெளியூரிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர், எத்தனை மணிக்கு வந்து சேர்வர் என்பதைத் தொலைபேசியில் விசாரித்துக் குறித்துக்கொண்டால் அளவு தானாகவே தெளிவாகிவிடும்.

வீட்டார் 10 பேர், பயணிகள் 60 பேர், ஆக 70 பேர் என்று கொள்வோம்.

தண்ணீர்: குடிப்பதற்கு ஒருவருக்கு 2 முதல் 3 லீற்றர் வீதம் ஏறக்குறைய 200 லீற்றர். 19 லீற்றர் போத்தல்கள் பத்து அல்லது பதினொன்று போதும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் இதனை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். குளிப்பாட்டவும் வுழூச் செய்யவும் தேவையான நீர் இதில் அடங்காது. அதற்கு வேறாகத் தொட்டியோ பவுசரோ வேண்டும்.

தேநீர்: ஒரு கோப்பைக்கு 2 கிராம் தேயிலையும் 10 கிராம் சீனியும் போதும். 150 கோப்பை பிளேன்டீக்கு 300 கிராம் தேயிலையும் ஒன்றரைக் கிலோ சீனியும் தேவைப்படும். ஒரு கேத்தலில் சீனி போடாத தேநீரை வேறாக வைத்து அடையாளமிடுங்கள்.

கஞ்சி: ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 20 பேருக்குக் காய்ச்சலாம். வீட்டாருக்கும் அவர்களோடு இரவு தங்கும் பெண்களுக்கும் இது முதலில் செல்லட்டும்.

ஒரு வேளைச் சோறு: ஒரு கிலோ அரிசி 8 பேருக்குப் போதும் என்ற கணக்கில் 9 கிலோ அரிசி. பருப்பு மூன்றரைக் கிலோ, மீன் எட்டு அல்லது ஒன்பது கிலோ. இவற்றோடு ஒரு சம்பல். ஒரே கறியும் பருப்பும் சம்பலும் பயணிக்குத் தாராளமான உணவாகும். ஆடு அறுப்பதும், வட்டிலப்பம் அவிப்பதும், குளிர்பானம் பரிமாறுவதும் திருமண வீட்டுக்கு உரியவை.

சமையல் ஜனாஸா வீட்டின் முற்றத்தில் வேண்டாம். இரண்டு வீடு தள்ளி, அண்டை வீட்டாரின் வளவில் கிடாரத்தை ஏற்றுங்கள். புகையும், பாத்திரங்களின் ஓசையும், உப்புச் சரியா என்ற கேள்வியும் துயருற்றவரைச் சென்றடையக் கூடாது. ஐந்து வீடுகள் பகிர்ந்து சமைத்தால் கிடாரமே தேவைப்படாது. ஒவ்வொரு வீடும் இரண்டு கிலோவுக்குக் குறைவான அரிசியைப் பொங்கினால் போதும்.

நமது வெப்பத்தில் உணவு விரைவில் பழுதடையும். தேங்காய்ப்பால் சேர்த்த கறி இன்னும் விரைவில் பழுதடையும். சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் ஆறவிட்டு வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. ஆகவே வேன் மதவாச்சியைத் தாண்டியபின் அடுப்பை மூட்டுங்கள். காலையிலேயே சமைத்துவிட்டு மாலைவரை காத்திருக்க வேண்டாம்.

ரமழானில் மரணம் நிகழ்ந்தால் இதே திட்டத்தை இப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றிக்கொள்ளலாம். நோன்பாளியான விதவைக்கு ஸஹர் உணவு கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

செலவுக்கு என்ன செய்வது? தெருவிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பள்ளிவாசலில் ஜனாஸா நிதியாகச் சேர்த்து வந்தால் மரணம் நிகழும் நாளில் எவரும் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. வசதியுள்ள வீடு, வசதியற்ற வீடு என்ற பேதமின்றி எல்லா வீட்டிற்கும் ஒரே அளவு, ஒரே உணவு என்று முடிவு செய்யுங்கள். அப்போது எவருக்கும் பெருமையுமில்லை, எவருக்கும் வெட்கமுமில்லை.

மற்றுமொரு விடயம். முதல் மூன்று நாட்களில் உணவு குவிகின்றது. நான்காம் நாள் எவரும் வருவதில்லை. கணவனை இழந்தவளின் இத்தாவோ நான்கு மாதமும் பத்து நாட்களுமாகும். ஒரே நாளில் குவியும் உதவியை அக்காலம் முழுவதற்கும் பரப்பிவிடுங்கள். இந்த வாரம் ஒரு வீடு அரிசி, அடுத்த வாரம் மற்றொரு வீடு மீன், அதற்கடுத்த வாரம் பிள்ளைகளின் கொப்பிகள். விருந்தைவிட இது அவளுக்கு எவ்வளவோ மேலானது.

மரணித்தவருக்கு நன்மை சேர்க்க விரும்பினால்

மரணித்தவருக்காக ஸதகாச் செய்வது அனுமதிக்கப்பட்டதும் அவருக்குப் பயனளிப்பதுமாகும். ஸஃத் இப்னு உபாதா (ரழி) அவர்கள் தம் தாய் மரணித்தபோது, அவருக்காகத் தருமம் செய்தால் பயனளிக்குமா என்று நபியவர்களிடம் கேட்டு, ஆம் என்ற பதிலைப் பெற்றுத் தமது தோட்டத்தையே ஸதகாவாக்கினார்கள். இது புஹாரியில் உள்ளது. எந்தத் தருமம் சிறந்தது என்று அவர் கேட்டபோது தண்ணீர் என்று நபியவர்கள் பதிலளித்ததாகவும், அவர் ஒரு கிணறு தோண்டியதாகவும் அபூதாவூதில் காண்கிறோம்.

நல்ல தண்ணீருக்காகக் குடத்தோடு நடக்கும் நமது கரையோர மக்களுக்கு இந்த ஹதீஸைவிடப் பொருத்தமானது வேறு எது? பருவமடைந்த பிள்ளைகள் தமது சொந்தப் பணத்திலிருந்து, தந்தையின் பெயரால் ஒரு கிணற்றைத் திருத்தலாம். பள்ளிவாசலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். உணவளிக்க விரும்பினால் உண்மையில் பசித்த குடும்பத்தைத் தேடிச் சென்று கொடுக்கலாம். அழைக்கப்பட்ட விருந்தில் வயிறு நிரம்பியவரே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார். அழைக்கப்படாத வீட்டில் ஒரு பிள்ளை பசியோடு உறங்குகின்றது.

பெற்றோர்களே, எழுதி வையுங்கள்

பிள்ளைகள் விருந்து வைப்பது பெரும்பாலும் ஆசையினால் அன்று. வைக்காவிட்டால் தந்தையை மதிக்கவில்லை என்ற பழி வரும் என்ற அச்சத்தினால்தான். அந்த அச்சத்திலிருந்து அவர்களை விடுவிக்கக் கூடியவர்கள் நீங்கள் மட்டுமே. வஸிய்யத்துச் செய்ய ஏதேனும் உடையவர், அது தம்மிடம் எழுதப்படாத நிலையில் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கக் கூடாது என்னும் கருத்துப்பட நபியவர்கள் கூறியதை இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஜனாஸாவின்போது நிகழும் தகாத வழக்கங்களைத் தவிர்க்குமாறு தம் குடும்பத்தாருக்கு வஸிய்யத்துச் செய்வது விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்அத்கார் நூலில் வலியுறுத்துகின்றார்கள்.

ஆகவே இன்றிரவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும் என்று எழுதுங்கள். எனது மரணத்திற்காக விருந்து வைக்க வேண்டாம், என் பிள்ளைகளின் பங்கைத் தொட வேண்டாம், தூரத்திலிருந்து வருபவருக்கு எளிய உணவு போதும் என்று சேர்த்து எழுதுங்கள். இருவரைச் சாட்சியாக்கிக் கையொப்பமிட்டு, பிள்ளைகள் அறியும் இடத்தில் வையுங்கள். ஊர் கேட்கும்போது அவர்கள் அத்தாளைக் காட்டுவார்கள். இது எங்கள் வாப்பாவின் சொல் என்பார்கள். அதற்கு மேல் எவரும் பேச முடியாது.

இளைஞர்களே! அடுத்த முறை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் கேட்டவுடன், இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று கூறிவிட்டு, உங்கள் தாயிடம் சென்று இன்று நமது அடுப்பில் அவர்களுக்கும் சேர்த்து வையுங்கள் உம்மா என்று சொல்லுங்கள். நபியவர்களின் சுன்னத் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து அத்தெருவில் உயிர்பெறும்.

யா அல்லாஹ்! எங்களில் மரணித்தவர்களின் பாவங்களை மன்னித்து, அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக. துயருற்ற குடும்பங்களுக்குப் பொறுமையையும், அநாதைகளுக்குப் பாதுகாப்பையும், எங்களுக்கு அண்டை வீட்டாரின் கடமையை நிறைவேற்றும் நற்பேற்றையும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.